மகாராணிக்கு மூன்று தண்ணீர்

மாட்சிமை பொருந்திய மகாராணி அவர்களின் திருமேனியில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது என்பதை, தண்டையார்பேட்டை முதல் திருவொற்றியூர் வரையுள்ள அனைத்துக் கல்யாண மண்டபங்களுக்கும், குதிரை இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் சகல மாப்பிள்ளைகளுக்கும், அந்த மாப்பிள்ளைகளைப் பின்னாலிருந்து தள்ளிக் குதிரைமேல் ஏற்றிவிடும் மைத்துனர்மார்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரியப்படுத்த வேண்டியிருக்கிறது. மறு அறிவிப்பு வரும்வரை பவனிகள் அனைத்தும் ரத்து.

மகாராணி என்பது குதிரை. வெள்ளைக் குதிரை என்று கல்யாணக்காரர்களிடம் சொல்வது வழக்கம். பட்டப்பகலில் பார்த்தால் நாலு வருஷம் கட்டின வேட்டியின் நிறம். அரண்மனை கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் யார்டு சுவரை ஒட்டி, நாலு சவுக்குக் கம்பும் மேலே தகரமும். அமைச்சர், தளபதி, மெய்க்காப்பாளர், சாணி அள்ளுகிறவர் ஆகிய பொறுப்புகள் எல்லாவற்றையும் கிருஷ்ணப்பன் என்ற ஒரே ஆள் வகித்துவந்தார். ஹார்பரில் கான்ட்ராக்ட் வேலை போனபிறகு, கையில் வந்ததை வைத்து ஆட்டோ வாங்கு என்று ஊரே சொன்னபோது குதிரை வாங்கினவர். ஆட்டோவுக்குச் சொறி வராது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் காதோரம். பிறகு கழுத்து. அப்புறம் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய், தோல் தடித்து, பொருக்குத் தட்டிவிட்டது. மகாராணி நாள் முழுக்கச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரில் ஒரு கட்சி தன் தலைவரை வரைந்து வைத்திருந்தது. ஒரே வாரத்தில் தலைவருக்கு மீசை போய்விட்டது.

அதற்குள் கிருஷ்ணப்பனுக்கும் மணிக்கட்டில் அரிக்க ஆரம்பித்திருந்தது. பிறகு இடுப்பில். பிறகு அவர் மனைவி பட்டம்மாளுக்கு.

வீடு என்பது எதிரே இருந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளத்தில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. தகரக் கொட்டகையில் வைத்தால் களவு போகும் என்று குதிரையின் சாமான் எல்லாம் வீட்டுக்குள்தான். டிவிக்கு மேலே சேணம். பீரோ மேல் ஜரிகை வைத்த சிவப்பு வெல்வெட் போர்வை. கதவுக்குப் பின்னால் கடிவாளமும் வாரும். மகாராணியின் தலையில் செருகும் இறகுக் குஞ்சம் மட்டும் இடமில்லாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்தவர்கள் சிலர் அதையும் சேர்த்துக் கும்பிட்டதுண்டு.

"இன்னாய்யா இது," என்றாள் பட்டம்மாள், இரண்டு கையாலும் சொறிந்துகொண்டே. "குதிரைக்கு அரிச்சா உனுக்கு அரிக்குது. உனுக்கு அரிச்சா எனுக்கு அரிக்குது. ஒரே கரெண்டு ஒயர்லயா கீறோம்?"

"வெயிலுதான், பட்டு. வேர்க்குரு."

"குதிரைக்கு வேர்க்குருவா? பவுடர் வாங்கியாந்து போடேன், பாப்போம்."

கிருஷ்ணப்பன் பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது அவருடைய முக்கியமான திறமை. கல்யாண வீட்டாரிடம் அது செல்லும், பட்டம்மாளிடம் செல்லாது.

"நான் மகி வூட்டுக்குப் போறேன்," என்றாள் அவள். மகிழினி அவர்கள் மகள், எண்ணூரில் இருக்கிறாள். "இந்த ஜாமானுங்கல்லாம் சுத்தமாவணும். உன் மகாராணிக்கு மசுரு மொளைக்கணும். உனுக்கு அரிப்பு நிக்கணும். நின்னுச்சின்னா போன் பண்ணு, அன்னிக்கே பஸ் ஏறிடறேன். அத்த விட்டுட்டு சொம்மா பட்டு பட்டுன்னு போன் பண்ணிகினு இருக்காத."

அவர் தினமும் போன் செய்தார்.

"நின்னுச்சா?"

"இல்ல பட்டு."

"சரி, வெச்சிர்றேன்."

முப்பது வருஷத் தாம்பத்தியம் இப்படி மூன்று வரியாகச் சுருங்கிப் போயிற்று. தெருவில் அந்த மூன்று வரியும் கிடைக்கவில்லை. எதிரே வருகிறவர்கள் அவர் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்ததும் அந்தப் பக்கம் தாண்டினார்கள். டீக்கடையில் இருபது வருஷமாகக் கண்ணாடி கிளாஸில் குடித்தவருக்கு ஒருநாள் பேப்பர் கப் வந்தது. கப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து மகாராணியின் பக்கத்தில் நின்று குடித்தார். அவள் தன் பங்குக்குச் சுவரைத் தேய்த்தாள். கூட்ஸ் ரயில் ஒன்று நிலக்கரியோடு வடக்கே போயிற்று. அது போய் முடிய வெகு நேரமாயிற்று. அன்றைக்கு வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை.

மகாராணியை வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ஒரு பைக்காரன், "மாமு, மாப்ள எறங்கி ஓடிட்டானா?" என்று கேட்டான். பல நாள் கழித்து ஒருவன் அவரிடம் பேசிய முழு வாக்கியம். சிரித்துவைத்தார்.

டாக்டர் மதி சின்ன வயசு. கத்தி முனையால் பொருக்கைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "நீங்களும் பாருங்க," என்று நகர்ந்துகொண்டாள். கிருஷ்ணப்பன் ஒற்றைக் கண்ணை வைத்தார். உருண்டையாக, குட்டைக் கால்களோடு ஒன்று, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு எழுந்திருக்க முடியாதவன் மாதிரி மெள்ள அசைந்தது.

"சொறிப் பூச்சி. தோலுக்குள்ள குடைஞ்சு முட்டை வைக்கும்."

"டாக்டரம்மா, எனுக்கும் அரிக்குது."

"அரிக்கும். ஆனா குதிரைப் பூச்சிக்கு மனுஷத் தோல்ல குடித்தனம் நடத்தத் தெரியாது. குதிரை சரியானா உங்களுக்குத் தானா நின்னுடும்."

அந்த ஒரு வாக்கியத்தைக் கிருஷ்ணப்பன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். குதிரை சரியானால் அரிப்பு நிற்கும். அரிப்பு நின்றால் பட்டு பஸ் ஏறுவாள். இவ்வளவுதான் விஷயம். கையில் கந்தக மருந்து இருந்தது. தண்ணீரில் கலக்கி, உச்சி முதல் குளம்பு வரை ஊற்ற வேண்டும். துடைக்கக் கூடாது. வாரம் ஒரு தரம், சரியாகிறவரை. துணியெல்லாம் கொதிக்கிற தண்ணீரில். தோல் சாமானைக் கொதிக்க வைத்தால் சுருங்கிவிடும்; அதைச் சோப்புப் போட்டுத் துடைத்து, மருந்து தடவிக் காயவைக்க வேண்டும். வைக்கோலை எரிக்க வேண்டும். சுத்தம் செய்ததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குதிரை தேறுகிறவரை திறக்கக் கூடாது.

மறுநாள் வேலை தொடங்கியது. வீட்டு வாசலில் அண்டாவை ஏற்றி வெல்வெட் போர்வையை அமுக்கினார். சிவப்புச் சாயம் போய்த் தண்ணீர் ரோஸ் மில்க் ஆனது. சேணத்தைப் பிரித்தபோது தையலிடுக்கிலிருந்து அட்சதை உதிர்ந்தது. சேப்டி பின், ஜிகினா, யாரோ ஒரு மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான். எத்தனையோ பேருடைய பயத்து வேர்வை ஊறிய தோல். தங்கள் வாழ்வில் அந்த ஒரு நாள் மட்டும் ராஜாவாக இருந்தவர்கள் அத்தனை பேரும் தொடையை இறுக்கிக்கொண்டு இதன்மேல்தான் நடுங்கினார்கள். கிருஷ்ணப்பன் பழைய பல் பிரஷ்ஷை வைத்து ராஜாக்களை ஒவ்வொருவராகத் தேய்த்து எடுத்தார். உடம்பு தேய்க்கிற பிரஷ்களை மருந்தில் ஊறப்போட்டார். வாரில் பித்தளைக் கொக்கிகளைக் கழற்றி வெயிலில் பரப்பினார். எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி அடுக்கியபோது வீடு காலியாகத் தெரிந்தது. குதிரைச் சாமானும் இல்லை, பட்டம்மாளும் இல்லை. டிவி இருந்தது. போட மனம் வரவில்லை.

புண்ணெல்லாம் கொஞ்சம் ஆறட்டும், ஞாயிற்றுக்கிழமை மருந்து ஊற்றலாம் என்று நினைத்தார். அதுவரை ஈ மொய்க்காமல் இருக்கக் கொட்டகையைச் சுற்றி வேப்பிலைக் கொத்துகளைக் கட்டினார். புண்ணின்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். இதை டாக்டர் சொல்லவில்லை; சொந்தப் புத்தி.

சனிக்கிழமை காலையில் பவுனம்மாள் வந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிறவள். அவள் குரல் ஒரு தெரு முன்னாலேயே வந்துவிடும். கூடையோடு கொட்டகைப் பக்கம் திரும்பியவள் நின்றாள். வேப்பிலையைப் பார்த்தாள். மஞ்சள் பூசி நிற்கும் மகாராணியைப் பார்த்தாள். கூடையைத் தூர வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

"கிஷ்ணப்பா, எப்பலேந்து?"

"பத்து பாஞ்சி நாளா கீது."

"சொல்லவே இல்லியே நைனா. முத்து நல்லா எறங்கியிருக்கா?"

"முத்து இல்லம்மா. சொறி. பூச்சி. டாக்டரம்மா கண்ணாடில—"

பவுனம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "வாய அலம்பு மொதல்ல. அந்தப் பேரெல்லாம் சொல்லாத. அவ கேட்டுகினு நிக்கிறா."

"நெசமாத்தாம்மா. கிட்ட வராத, ஒட்டிக்கும்."

"பாத்தியா, ஒட்டிக்கும்னு நீயே சொல்ற."

முத்து என்று அவள் சொன்னது அம்மையை. அம்மை என்பதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதன் பேரைச் சொல்லக் கூடாது. ஆகவே வீட்டுக்காரன் இல்லை இல்லை என்று எவ்வளவு மறுக்கிறானோ அவ்வளவுக்கு அது உறுதியாகிறது.

"பட்டு எங்க?"

"பொண்ணு வூட்டுக்குப் போயிருக்கா."

"தனியாத்தான் படுத்துகினு கீறியா?"

"ஆமா."

"சுத்த பத்தமா கீற," என்றாள் பவுனம்மாள். "துணியெல்லாம் அலசி, ஜாமானக் கட்டி வெச்சி, பொஞ்சாதிய அனுப்பிச்சி, எல்லாம் தெரிஞ்சிதான் செஞ்சிகினு கீற. அப்பால எங்கிட்ட பூச்சின்ற. டபாய்க்கிறியா?"

மத்தியானத்துக்குள் கொருக்குப்பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது: அம்மைத் தாயார் இந்தத் தடவை மனிதர் யாரையும் நம்பாமல் குதிரைமேல் இறங்கியிருக்கிறாள். சாயங்காலம் கொட்டகை வாசலில் கோலம் இருந்தது. மறுநாள் இளநீர், கூழ், மோர், மஞ்சள் துணி. வியாசர்பாடியிலிருந்து ஒரு வேன் வந்தது. மகாராணி வேப்பிலையைத் தின்றாள். அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஊற்றவிருந்த மருந்து டப்பா மூலையில் கிடந்தது. அம்மை கண்ட உடம்பில் தண்ணீர் படக் கூடாது. பவுனம்மாள் இதை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கிருஷ்ணப்பன் உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்டால், சொன்னார். இரண்டு தடவை. மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது டீக்கடைக்காரர் தானே டீயை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி கிளாஸில். "சக்கர கம்மியாதான் போட்டேன் நைனா, ஒனுக்குப் புடிக்காதே," என்றார். கிருஷ்ணப்பன் கிளாஸை வாங்கிக்கொண்டார். சூடு விரலில் ஏறியது. சொல்ல வந்ததை டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டார்.

அதற்கப்புறம் சுலபமாக இருந்தது. ஜனங்கள் பேசினார்கள். பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்றார்கள், பையன் வேலைக்குப் போவதில்லை என்றார்கள். அவர் தலையாட்டினார். அவருடைய பேசாமலிருக்கும் திறமைக்கு இத்தனை மதிப்பு இருக்கும் என்று அவருக்கே தெரியாது. காவலுக்கு என்று பவுனம்மாளும் இன்னும் சில பெண்களும் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். அவர் பாயை விரித்து, அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையாகத் தூங்கினார்கள். அவர் வாசல்படியில் படுத்தார். உள்ளே குறட்டை கேட்டது. வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். காலையில் அவர்கள் கொட்டகைக்குப் போனதும் அதே பாயில் போய்ப் படுத்து, அதே போர்வையை இழுத்துக்கொண்டார். மனித வாசனை அடித்தது.

மகாராணிக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் ஒரு லாபமும் இல்லை. பொருக்கு முதுகுக்குப் பரவியது. தாயாருக்குப் போர்வை வேண்டும் என்று யாரோ கறுப்புப் பையைப் பிரித்து, கொதிக்கவைத்துக் காயவைத்த வெல்வெட்டை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டார்கள். பூச்சிகள் பழைய வீட்டுக்குத் திரும்பிக் குடியேறின. மரியாதையாக, ஊதுபத்திப் புகையோடு.

ஒருநாள் பட்டம்மாளே வந்தாள். எண்ணூர் வரை செய்தி போயிருந்தது. கையில் கூழ்ச் சொம்பு. நேராக மகாராணியிடம் போனாள், சொம்பை வைத்தாள், விழுந்து கும்பிட்டாள். பதினோரு வருஷமாகச் சனியனே, கழுதையே என்று கூப்பிட்டுவந்த குதிரையை அவள் இப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை. பிறகு வீட்டு வாசல்வரை வந்து நின்றாள். படி ஏறவில்லை.

"உள்ள வா பட்டு."

"வெளிய சுத்தின காலோட வர்க்கூடாது. தெரியாதா?" குரலைத் தாழ்த்தினாள். "யோவ், மெய்யாலுமே அம்மையா?"

பவுனம்மாள் வாசல் திண்டில் உட்கார்ந்து வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஜனங்க சொல்றாங்க," என்றார் கிருஷ்ணப்பன்.

"ஜனங்கள வுடு. நீ இன்னா சொல்ற?"

சொறிதான் பட்டு, வெறும் சொறி, உள்ளே வந்து உட்கார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள், அரிப்பு என்று அப்படியே திரும்பியிருப்பாள். மற்றவர்களும் எழுந்து போயிருப்பார்கள். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது.

"சரி," என்றாள் பட்டம்மாள். "அம்மை போயி தலைக்குத் தண்ணி ஊத்தினப்பறம் சொல்லு."

அவளை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடக்கூட அவரால் முடியவில்லை. அம்மை கண்ட வீட்டுக்காரன் எங்கேயும் போகக் கூடாது என்று பவுனம்மாள் தடுத்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் வட்டச் செயலாளர் வெள்ளத்துரை தரிசனம் தந்தார். அவர் வருவதற்கு முன் அவர் படம் போட்ட பேனர் வந்தது; பேனரில் அவர் குதிரையைவிடப் பெரிதாக இருந்தார். மாலையோடு வந்தவர், தாயார் நம் வட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் கடந்த சில ஆண்டுகளாக இங்கே நடைபெற்றுள்ள கால்வாய்ப் பணிகள் இருப்பதாகத் தாம் கருதுவதாகப் பேசினார். பிறகு படம் எடுக்க மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கூட வந்த பையன் சரியாக எடுக்கவில்லை. மறுபடி கட்டிக்கொண்டார். கன்னத்தையும் வைத்துக்கொண்டார்.

"தலைவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் கிருஷ்ணப்பன்.

"எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல நீ யாருப்பா?" என்றார் வெள்ளத்துரை.

சில நாள் கழித்துத் தண்டையார்பேட்டைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த அவரால் இரண்டு வாக்கியத்துக்குமேல் போக முடியவில்லை. ஒரு கை கழுத்துக்குப் போனது. இன்னொரு கை சட்டைக்குள் போனது. மைக்கைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாத குறை. கடைசியில் மைக் ஸ்டாண்டிலேயே முதுகைத் தேய்த்தார். ஒலிபெருக்கி அதை வட்டம் முழுவதற்கும் ஒலிபரப்பியது. வேறு யாராக இருந்தாலும் மானம் போயிருக்கும். அவர் அரசியல்வாதி. தாயார் தம்மீதும் இறங்கிவிட்டதாக மேடையிலேயே அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போய் வேப்பிலைமேல் படுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அங்கே அன்னதானம். சோறு இருக்கும் பக்கம் பக்தி திரும்பியது. கொட்டகைக் கூட்டம் பாதியானது.

அந்தப் பாதிக் கூட்டத்தின் முன்னால் மகாராணி சுவரில் தேய்த்துத் தேய்த்துத் தோள் கிழிந்து நின்றாள். வழக்கமாகக் கிருஷ்ணப்பன் வந்தால் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று மூக்கை விட்டுத் துழாவுவாள். அன்றைக்கு அவர் வெல்லத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் தலைவரின் முகம் இருந்த இடத்தில் ரத்தம் இருந்தது.

"யம்மா," என்றார் பவுனம்மாளிடம். "தலைக்குத் தண்ணி எப்ப ஊத்தலாம்?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஊத்திடலாம். மூணு தண்ணி ஊத்தணும். ஒரு நாள் வுட்டு ஒரு நாள்."

"குதிரைம்மா. பெரிய ஒடம்பு. வாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சிக்கலாமே."

பவுனம்மாள் யோசித்தாள். குதிரைக்குத் தண்ணீர் விடும் முறை பற்றி அவளுக்கு முன்னுதாரணம் எதுவும் இல்லை. "அதுவும் சரிதான்," என்றாள்.

கந்தக மருந்தைக் கலக்கினால் தண்ணீர் மஞ்சளாகத்தான் இருக்கும். கிருஷ்ணப்பன் மேலே வேப்பிலையைத் தூவினார். எல்லோரும் குலவையிட, உச்சி முதல் குளம்பு வரை ஊற்றினார். அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. வேறு ஊராக இருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார். இங்கே ஒரு பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னிக்குக் காத்து மணலி ரிஃபைனரிப் பக்கத்துலேந்து வருது," என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

முதல் தண்ணீருக்கு நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். இரண்டாவதுக்குப் பத்துப் பேர். மூன்றாவதுக்குப் பவுனம்மாள் மட்டும் வந்தாள், அதுவும் கூடையை இறக்காமல். "ஆத்தா கோச்சுக்காம போய்ட்டா, நல்லா கீறா பாரு," என்று சொல்லிவிட்டு, "வஞ்சிரம் வந்துகீது, வோணுமா?" என்றாள். ஒரு ஆளுக்கு வஞ்சிரம் எதற்கு என்று அவர் வேண்டாம் என்றார். நாலாவது தண்ணீரை யாருக்கும் சொல்லாமல் ஊற்றினார். சொல்வதற்கும் யாரும் இல்லை.

சாமான்களை மறுபடி முதலிலிருந்து செய்தார். வெல்வெட்டை மறுபடி கொதிக்க வைத்தார். இந்தத் தடவை சாயம் போக எதுவும் மிச்சமில்லை, போர்வையும் குதிரையும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. சேணத்தின் தையலை நூல் நூலாகத் துடைத்தார். வைக்கோலை எரித்தார். சுவரில் சுண்ணாம்பு அடித்தார். மகாராணியின் கழுத்தில் கையை வைத்தால் சொரசொரவென்று, புதிதாக மொட்டையடித்த தலை மாதிரி முடி குத்தியது. டாக்டர் மதி மறுபடி சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சுத்தம்," என்றாள்.

"நின்னுச்சா?" என்றாள் பட்டம்மாள் போனில்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் அவள் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பாள். விரலிடுக்கில் தடிப்பு இருந்தது. முன்பைவிட அதிகமாக. "குதிரைக்கு நின்னுடுச்சி பட்டு," என்றார்.

"உனுக்கு?"

"இன்னும் கீது."

"அப்ப வெச்சிர்றேன்."

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் விரலிடுக்கைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். குதிரை விஷயம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இது குதிரையோடது இல்ல," என்றார். "அது எப்பவோ போயிருக்கும். இது மனுஷச் சொறி. மனுஷங்ககிட்ட இருந்து மனுஷங்களுக்கு வர்றது. ஒரே பாய், ஒரே போர்வை, நெருக்கமா இருந்தா வரும். வீட்ல எத்தனை பேர்?"

கிருஷ்ணப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். "ரெண்டு பேரு."

"ரெண்டு பேருமே தடவிக்கணும். கழுத்துலேந்து கால் வரைக்கும் ஒரு இடம் விடாம. தடவாத இடத்துல இருந்து மறுபடி பரவும்." இரண்டு ட்யூபுக்கு எழுதினார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று போன் போட்டார். பல மாதத்தில் முதல் முறையாக அவரிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது.

"பட்டு, குதிரையால இல்லியாம். நம்ம மகாராணி மேல ஒரு தப்பும் கிடையாதாம். டாக்டர் சொல்ட்டாரு."

"அப்ப இன்னாவாம்?"

"மனுசங்ககிட்ட இருந்து வர்றதாம். ஒரே பாயில, ஒரே போர்வைல, நெருக்கமா—"

சொல்லும்போதே வாக்கியம் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குப் புரிந்தது. நிறுத்த முடியவில்லை.



"நான் இங்க வந்து எத்தினி நாளாவுது?" என்றாள் பட்டம்மாள்.

"அதில்ல பட்டு. அம்மைக்குக் காவலுக்குன்னு வந்து படுத்தாங்களே—"

"எவ?"

"பவுனம்மா. அப்பால இன்னும் நாலஞ்சி பேரு. பேரு தெரியாது."

கேட்கப்பட்ட கேள்விக்கு இதைவிட மோசமான பதில் தமிழில் இல்லை.

"பேரு கூடத் தெரியாதா?"

"நான் வெளிய வாசப்படிலதான்..."

"வாசப்படிக்கு ஒட்டிச்சா அரிப்பு?"

"பட்டு, நான் சொல்றத கேளு. டாக்டரு ரெண்டு ட்யூப் குடுத்துகீறாரு. ஒண்ணு உனுக்கு."

"அத்த அவளுக்கே குடு," என்றாள். இந்தத் தடவை வெச்சிர்றேன் என்று சொல்லவில்லை.

கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்தார். பாயையும் போர்வையையும் அண்டாவில் போட்டார். கொதிக்கவைக்கும் முறை இப்போது நன்றாகக் கை வந்திருந்தது. சேணம் டிவிக்கு மேலே பளபளவென்று இருந்தது. கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றி, டாக்டர் சொன்னபடி கழுத்திலிருந்து ஆரம்பித்தார். தோள், மார்பு, கை, விரலிடுக்கு, இடுப்பு, தொடை, கால் என்று நிதானமாகத் தடவிக்கொண்டே வந்தார். வலது கையைத் தோளுக்கு மேலாகவும் இடது கையை இடுப்புக்குக் கீழாகவும் கொண்டுபோய்ப் பார்த்தார். கைகளை மாற்றிப் பார்த்தார்.

முதுகின் நடுவில் எட்டவில்லை.